செபமாலைமுத்துவின் பனிக்கரடிக் கோட்பாடு

“பனிக்கரடியைக் கொண்டுபோய் மன்னார்க் கடற்கரையில விடுங்கோ. மூண்டாம் தலைமுறையில மயிரெல்லாம் கொட்டி, முரல் மீன் பிடிச்சுத் தின்னும். இரத்தம் பழகும். நானே சாட்சி!”

1989இல், லண்டன் டூட்டிங் தேவாலய மண்டபத்தில், பூசை முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் முன்னிலையில் திரு. செபமாலைமுத்து இந்தப் பிரகடனத்தைச் செய்தார். பூமி சூடாகி வடதுருவத்துப் பனி உருகினால் கரடிகள் என்னாகுமோ என்று முதல்நாள் தொலைக்காட்சியில் ஒரு வெள்ளைக்காரர் கவலைப்பட்டிருந்தார். அந்தக் கவலையை ஒரே வடையோடு தீர்த்துவைத்த பெருமை எங்கள் மன்னார்க்காரரையே சாரும்.

உறைமீன் வைக்கும் குளிர்க்களஞ்சியம்தான் அவருடைய ஆய்வுக்கூடம். அங்கே பெட்டி அடுக்கி அடுக்கித் தம் இரத்தமே மாறிவிட்டதாக அவர் கண்டுபிடித்திருந்தார். மார்கழியிலும் கழுத்துவரை பொத்தான் பூட்டிய ஒற்றைச் சட்டையோடுதான் கோயிலுக்கு வருவார். ஆள் சற்றுப் பருத்திருந்தார். லண்டன் சாப்பாடு என்று எல்லோரும் நினைத்தார்கள்.

மாறின இரத்தத்தில் பிறந்தவள் என்பதால் மகள் அஞ்சலீனாவுக்குக் கோட் கிடையாது.

பள்ளிக்கூடத்தில் உயிரியல் படிப்பிக்கும் யாக்கோப்பு குறுக்கிட்டார். “அண்ணை, உங்கட உடம்பு பழகினது உங்களோட சரி. பிள்ளைக்குப் போகாது. கரடியும் அப்பிடித்தான். பிறக்கேக்கையே சூடு தாங்கிற குட்டி ஒண்டு ரெண்டு இருந்தால் தப்பும். மற்றதெல்லாம் சாகும். அப்பிடிச் செத்துச் செத்துத்தான் ஒரு இனம் மாறும். அவ்வளவு காலத்துக்குப் பனி காத்துக்கொண்டு நிக்குமோ?”

“சாகிறது சாகட்டும் மாஸ்டர். மிச்சம் நிக்கிறது வைரமா நிக்கும்!”

மண்டபம் கைதட்டியது. கையில் வடை வைத்திருந்தவர்கள் காலால் தரையைத் தட்டினார்கள்.

“உங்கட கரடி கிடக்கட்டும். பிள்ளைக்கு ஒரு கோட் வாங்கித் தாங்கோவன். விடிய விடிய இருமுறாள்” என்றாள் மனைவி பியற்றிஸ்.

“அது இருமல் இல்லையடி. நுரையீரல் மாறுற சத்தம்.”

1991 மாசியில் லண்டன் வெண்பனியில் புதைந்தது. விஞ்ஞானிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பூசை முடிந்து கோயிலைப் பூட்டியபின், ஆறு வயது அஞ்சலீனாவைக் கையில்லாச் சட்டையோடு வாசலில் நிறுத்தினார்.

“வடிவாப் பாருங்கோ, நடுங்குறாளோ?”

நடுங்கவில்லை. பல்லை இறுகக் கடித்துக்கொண்டால் நடுக்கம் வெளியே தெரியாது என்பதை அவள் தானாகவே கற்றிருந்தாள். சனம் வியந்தது. ஒருவர் படம் பிடித்தார்.

“ஐஸ்கிறீம் வேணுமோ பிள்ளை?” என்று இன்னொருவர் பகிடி விட்டார்.

பெரியவர் கேட்டால் பதில் சொல்லவேண்டும் என்பது வீட்டுப் பழக்கம். “ஓம்” என்று சொல்ல வாயைத் திறந்தாள். கடித்த பல் விலகியதும் உடம்பு முழுவதும் உதறத் தொடங்கியது. அப்படியே பனியில் விழுந்தாள்.

ஆம்புலன்ஸ் பனியில் ஊர்ந்து வரவேண்டியிருந்தது. பியற்றிஸ் தன் கோட்டைக் கழற்றிப் பிள்ளையைச் சுற்றினாள். “காணாது, இன்னும் ஏதும் தாங்கோ!” என்று கத்தினாள். நின்றவர்கள் மிகுந்த அனுதாபத்தோடு தங்கள் கோட்டுகளை இழுத்துப் பூட்டிக்கொண்டார்கள்.

செபமாலைமுத்து தம் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார். உள்ளே ஒரு கம்பளிச் சுவெட்டர். அதற்குள் இன்னொன்று. அதற்குள், போன குளிர்காலம் முழுவதும் பியற்றிஸ் தேடிய ரோஸ் நிறக் கம்பளிச் சட்டை. ஒவ்வொன்றாக உரித்து மகளைச் சுற்றினார். பிறகு வெறும் மேலோடு பனியில் முழங்காலிட்டு, பற்கள் கிடுகிடுக்க, அவளுடைய விரல்களை ஊதத் தொடங்கினார்.