சத்தம்தானே என்றவர் ஒதுங்கி நின்றார்

எங்கள் நகர்நலச் சங்க ஆண்டுவிழா மேடையில் பதினைந்து நிமிடம் கேட்டு இன்று மூன்றாவது முறையாகச் சங்க அலுவலகத்துக்குப் போனேன். போன வருடம் மிமிக்ரிக்கு அரைமணி நேரம் கொடுத்தவர்கள் இவர்கள்.

"அண்ணாச்சி, பாட்டுன்னா மேடை தரலாம். நீங்க வெறும் சத்தம்லா போடுதிய?" என்றார் செயலாளர். துறைமுகத்தில் முப்பது வருடம் சரக்கு இறக்கியவர்.

லேப்டாப்பைத் திறந்தேன். துறைமுகத்திலும் உப்பளத்திலும் நான் போனில் பதிவு செய்த எட்டாயிரம் சத்தங்களும் திரையில் புள்ளிகளாக நிற்கும். ஒன்றுபோல் கேட்பவை பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். மவுஸை அவற்றின் மேல் ஓட்டினால் வரிசையாக ஒலிக்கும். அதுதான் என் வாத்தியம். யாரும் சொல்லித் தரவில்லை.

உப்பு வாரும் சத்தத்தில் தொடங்கி விசைப்படகு இன்ஜினுக்குப் போனேன். அது தாளமாக ஓடும்போதே கிரேனின் எச்சரிக்கை மணியைத் தொட்டேன்.

செயலாளர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். சுவரோரம் ஒதுங்கி அண்ணாந்து பார்த்தார். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் இருந்த பொருளாளர் சிரித்துவிட்டார். "என்னவே, ஃபேனையா இறக்குதாவ?"

"பழக்கம்வே," என்று உட்கார்ந்த செயலாளர் என்னைப் பார்த்தார். "சரி அண்ணாச்சி, அஞ்சு நிமிஷம் வச்சுக்கிடுங்க."

"பதினஞ்சு."

"பத்து?"

"பதினஞ்சு. இன்னும் கப்பல் ஹாரனே அடிக்கலை."

எழுதிக்கொண்டார்.

ஞாயிறு மாலை ஆறு மணிக்கு வாருங்கள். துறைமுகத்துக்காரர்கள் இப்போதே சுவரோரம் இடம்பிடித்துக்கொள்ளவும். மற்றவர்கள் எந்தச் சத்தம் கேட்டால் எழுந்து ஓடுவீர்கள் என்று கீழே எழுதுங்கள். என்னிடம் இருக்கும்.