ஒரு லிட்டர் பால்

மாதனூர் பக்கம் சுந்தரியின் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்துப்போய், நெல் வைத்த வயலில் மாட்டுப் புல் மட்டும்தான் தழைத்தது. கணவன் பச்சையப்பன் தோல் பதனிடும் டேனரிக்குக் கூலி வேலைக்குப் போனான். அவள் இரண்டு கறவை மாடுகளை வைத்துக் குடும்பத்தை ஓட்டினாள்.

2003இல் ரெனிட்டா என்ற ஆராய்ச்சி மாணவி வந்தாள். ஒரு லிட்டர் பால் உருவாவதற்குள் மண், தண்ணீர், காற்று எவ்வளவு கெடுகிறது என்று புல் விதைப்பதிலிருந்து கணக்கெடுப்பதே அவள் வேலை. தீவனம், மோட்டார் ஓடும் நேரம், சாணம் எங்கே போகிறது என்று எல்லாம் கேட்டாள். கிணற்றுத் தண்ணீரையும் புல்லையும் பாலையும் பாட்டிலில் பிடித்துப் போனாள். இத்தனை அக்கறையாக யாரும் தன்னிடம் பேசியதில்லை என்று சுந்தரிக்குச் சந்தோஷமாக இருந்தது.

மழைக்காலம் முடிந்து ரெனிட்டா திரும்பி வந்தாள். முகம் தெளிவாக இல்லை.

"அக்கா, டேனரியில தோலுக்குப் போடற குரோம் தண்ணியில ஜாஸ்தியா இருக்கு. புல்லுல ஏறியிருக்கு. பால்லயும் கொஞ்சம் தெரியுது."

"குடிக்கலாமா, கூடாதா? அதச் சொல்லும்மா."

"எங்க ஆய்வுல அது வராதுக்கா. சுற்றுச்சூழலுக்கு எவ்ளோ பாதிப்புன்னுதான் பாக்குறோம். ஆனா, எங்க வூட்டுக் கொழந்தைக்கு நான் குடுக்க மாட்டேன்."

சுந்தரி நேரே அஃப்ஸர் ஜஹான் வீட்டுக்குப் போனாள். அஃப்ஸர் ஜஹானுடைய மகளின் கைக்குழந்தைக்கு சுந்தரி வீட்டுப் பால்தான் போய்க்கொண்டிருந்தது.

"இனிமே என் பால் வேணாங்க்கா. கொழந்தைக்கு வேற எடத்துல வாங்குங்க."

"இன்னா சுந்தரி, மாட்டுக்கு சீக்கா?"

"மாட்டுக்கு ஒண்ணுமில்ல. தண்ணிதான்."

அஃப்ஸர் ஜஹான் அடுப்பில் காய்ந்த பாலை அப்படியே சாக்கடையில் கொட்டினாள். குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

சேதி ஊருக்குள் பரவியது. சுந்தரியின் தெருப் பாலையே வாங்க மாட்டோம் என்று பால் சொசைட்டியில் சொல்லிவிட்டார்கள். ஏழெட்டு வீட்டுப் பெண்கள் சுந்தரியின் வாசலில் வந்து நின்றார்கள்.

"ஒன் வாய வெச்சிக்கினு சும்மா இருக்கக் கூடாதா? எங்க பொழப்பையும் சேத்து கெடுத்துட்டியே!"

"கைக்கொழந்த குடிக்குது. எப்டி சொல்லாம இருக்கறது?"

"இத்தினி வருஷமா அதான குடிச்சோம். செத்தா பூட்டோம்?"

பச்சையப்பன் வெளியே வரவே இல்லை. ஆய்வு என்று யாரோ பேசப்போய் டேனரியில் வேலை போய்விடுமோ என்ற பயம் அவனுக்கு.

சுந்தரி விற்ற மாடுகளைத் தரகன் ஓட்டிக்கொண்டு போனான். எங்கே என்று அவள் கேட்கவில்லை. தெருவில் மற்றவர்கள் கொஞ்ச நாளில் வேலூர்ப் பக்கம் ஒரு பால் வியாபாரியைப் பிடித்தார்கள். கேன்கள் மறுபடி வண்டியேறின. கிணற்றை யாரும் வந்து பார்க்கவில்லை.

சுந்தரி ஷூ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, கம்பெனி பஸ்ஸில் போய்வர ஆரம்பித்தாள். காலையில் பஸ்ஸுக்காக நிற்கும்போது, தெருப் பெண்கள் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசுவார்கள். பால் வண்டி கடந்து போகும். அது எந்தக் குழந்தைக்குப் போகிறதோ என்று நினைப்பாள். போய்ச் சொல்ல அவளுக்கு முகவரி தெரியாது.