மெஷின்காரி

இஞ்சினிலிருந்து பிளக்கைக் கழற்றியதும் செவ்வந்தி அதைத் துடைக்க மாட்டாள். முதலில் மோந்து பார்ப்பாள். மூக்கைச் சுருக்கிக்கொண்டு, மீன் வாங்கப் போனவள் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல அப்படியொரு சந்தேகத்தோடு. அப்புறம் நகத்தால் கரியைச் சுரண்டிப் பெருவிரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "ஆயில் கூடிப்போச்சு மதினி, அதான் இந்தப் பொகை பொகையுது" என்பாள். நான் எதிர்வீட்டுக்காரி. தையல் மெஷினில் உட்கார்ந்தால் அவள் வீட்டு வாசல் முழுசாகத் தெரியும். அந்தப் பிளக்கில் எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. இருந்தாலும் தலையாட்டி வைப்பேன்.

நயினார்கோவிலுக்குக் கிழக்கே எங்கள் ஊரில் "செவ்வந்தி வீடு எது?" என்று கேட்டால் யோசிப்பார்கள். "மெஷின்காரி வீடு" என்றால் சின்னப் பிள்ளையும் கூட்டிக்கொண்டு வந்து விடும். அவளிடம் இருப்பது புல் வெட்டும் மெஷின். பட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நீளக் குழாயின் நுனியில் பிளேடு சுழல, வரப்பு, கண்மாய்க் கரை, மிளகாய்த் தோட்டத்து ஓரம் என்று வெட்டிக்கொண்டே போவாள். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, கண்ணுக்குக் கண்ணாடி. சுற்றுவட்டாரத்தில் இதே மெஷின் வைத்திருக்கும் ஆண்பிள்ளைகளும் அது மக்கர் செய்தால் இவளிடம்தான் தூக்கி வருவார்கள். வந்து நின்றுகொண்டு, என்னவோ இவளுக்கு உபகாரம் செய்கிற மாதிரி, "சும்மா பாரு, டவுனுக்குத்தான் கொண்டுபோறதா இருந்தேன்" என்பார்கள். அந்தத் திமிரைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளுக்கு வராது. கயிற்றை இரண்டு இழு இழுத்து, காதைச் சாய்த்துக் கேட்பாள்.

ஓடாத இஞ்சினைப் பார்க்க அவளிடம் ஒரு வரிசை உண்டு. "மொதல்ல மூச்சு. பொறவு நெருப்பு. கடைசியாத்தான் சோறு." மூச்சு என்றால் காற்று போய்வருகிற வழி. பில்டரில் புழுதி ஏறியிருக்கிறதா, சைலன்சரில் கரி அடைத்திருக்கிறதா, பெட்ரோல் டேங்க் மூடியில் இருக்கும் ஊசித்துளை திறந்திருக்கிறதா என்று பார்ப்பாள். அந்தத் துளை அடைத்தால் இஞ்சின் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு நின்றுபோகுமாம். ஒருதரம் யாரோ கொண்டுவந்த மெஷினின் சைலன்சருக்குள் குளவி மண்கூடு கட்டிக் குடித்தனமே நடத்திக்கொண்டிருந்தது. குச்சியை விட்டு நோண்டி எடுத்துக் காட்டி, "சாகல மதினி, மூச்சு முட்டிக் கெடந்திருக்கு பாவம்" என்றாள். நெருப்பு என்றால் பொறி தட்டுகிற பிளக். சோறு என்றால் பெட்ரோலும் அதில் கலக்கிற ஆயிலும். அடுத்தவர் மெஷின் என்றால் மூன்றையும் பார்ப்பாள். தன்னுடையது என்றால் இரண்டோடு நிறுத்திக்கொள்வாள். "என் கை கலந்த பெட்ரோலு. அதுல என்ன தப்பு வரப்போகுது?"

மெஷின் அவள் கேட்டு வந்ததல்ல. பொம்பளை பேரில் எழுதிக் கொடுத்தால் மானியம் கூடுதலாகக் கிடைக்கும் என்று அவள் புருஷன் கூத்தையாதான் அவள் பேரைப் போட்டு வாங்கி வந்தான். வாங்கியவன் அதை மினிபஸ் ஆரன் மாதிரி அலற விட்டான். கல்லில் மோதிப் பிளேடை வளைத்தான். கயிற்றை அறுத்தான். கடைசியில் "சனியன்" என்று ஒரு உதை விட்டு ஆட்டுக்கொட்டத்தில் தள்ளிவிட்டு, பழையபடி கருவேல மரம் வெட்டிக் கரிமூட்டம் போடப் போய்விட்டான். அப்போது செவ்வந்திக்கும் மூட்டத்தில்தான் வேலை. வெட்டிய கட்டையை அடுக்கி, மண் போட்டு மூடித் தீ வைத்தால் நாள்கணக்கில் புகையும். வீட்டுக்கு வந்து இருமினால் சளி கறுப்பாக வரும். மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு, ஆட்டுக்கொட்டத்தில் உட்கார்ந்து போனில் வீடியோ பார்த்துப் பார்த்தே மெஷினைப் பிரித்து மாட்டக் கற்றுக்கொண்டாள். அது ஓடிய அன்று என்னிடம் வந்து, "இனி செத்தாலும் மூட்டத்துக்குப் போமாட்டேன் மதினி" என்று அழுதாள்.

பொண்டாட்டிக்குப் பேர் வந்தால் புருஷனுக்கும் ஒரு பேர் வந்துவிடும் அல்லவா? மலையாண்டி டீக்கடையில் நான் பால் வாங்க நின்றிருந்தபோதுதான் அதைக் கேட்டேன். "ஏலே, மெஷின்காரி புருசனுக்கு ஒரு டீயப் போடு" என்றான் மலையாண்டி. கடையே சிரித்தது. கூத்தையாவும் சிரித்தான், சிரித்துவிட்டு டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு ஊரில் அவனுக்கு வேறு பேரே இல்லை. கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கூட, "மெஷின்காரி புருசன் இருக்காப்லயா?" என்றுதான் வாசலில் நின்று கேட்டார்.

போன மழைக்கு அப்புறம் அவளுக்கு ஒரு யோகம் வந்தது. எங்கள் பக்கம் தரிசையெல்லாம் வளைத்து சோலார் தகடு நட்டிருக்கிறார்கள். மழை பெய்தால் தகடுகளுக்கு நடுவே புல் இடுப்பளவு வளர்ந்து நிழல் கட்டிவிடும். நிழல் விழுந்தால் கரண்டு வராது. அங்கே சூப்பர்வைசராக இருக்கிற பர்வேஸ் என்ற கீழக்கரைப் பையன், கண்மாய்க் கரையில் செவ்வந்தி வெட்டுவதைப் பார்த்து பைக்கை நிறுத்திவிட்டான். "அக்கா, ரெண்டு வரிசை வெட்டிக் காட்டுங்க. மெஷின் நிக்காம ஓடுச்சுன்னா வருசம் பூரா வேலை உங்களுக்குத்தான்."

வருசம் பூரா! அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மூட்டத்தில் இன்னும் இருமிக்கொண்டிருக்கும் நான்கு பெண்களைக் கூடச் சேர்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டாள். என்னிடம் முழுக்கைச் சட்டை தைக்கச் சொன்னாள், காலருடன். வெட்டிக் காட்டப்போகும் நாளுக்கு முந்தின சாயங்காலம் தெருவில் வைத்து மெஷினை ஓட்டிப் பார்த்தாள். கல்யாண வீட்டு நாதஸ்வரம் மாதிரி ஒரே சீராக ஓடியது.

காலையில் அங்கே போய் இழுத்ததும் இஞ்சின் பிடித்தது. கொஞ்சதூரம் போனதும் திக்கியது, இருமியது, நின்றது. அப்புறம் எத்தனை இழுத்தும் கேட்கவில்லை. பர்வேஸ் நல்ல பையன். "பரவால்லக்கா, அடுத்த வாரம் வாங்க" என்றான். வீட்டுக்கு வந்தவள் பழைய பெட்ரோலைக் கொல்லையில் கொட்டிவிட்டு, கார்புரேட்டர் முதல் சைலன்சர் வரை கழற்றிக் கழுவினாள். புதுசாகப் பெட்ரோல் கலந்து ஊற்றி ஓட்டினாள். அருமையாக ஓடியது. கட்டிலில் கிடந்தபடி கூத்தையா, "இன்னைக்கு ஓடும். நாளைக்கு நிக்கும். பொம்பளை கையில மெஷின் எத்தனை நாளைக்கு?" என்றான். அவள், "அப்படிச் சொல்லாதீங்க" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த வாரம் அதே கதை. முந்தின சாயங்காலம் சீராக ஓடியது. காலையில் அதே இடத்தில் அதே இருமல். இந்தத் தடவை பர்வேஸுக்குப் பக்கத்தில் அவனுடைய மேலதிகாரியும் நின்றிருந்தார். "உங்க வேலை சுத்தம்க்கா. ஆனா மெஷினை நம்ப முடியலையே" என்று பர்வேஸ் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். வேலை பரமக்குடிக்காரர்கள் யாருக்கோ போய்விட்டது.

அன்று பொழுது சாயும் நேரம் நான் போனபோது, மெஷினைப் பிரிக்காமல் முன்னால் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே தெம்பில்லை.

"சாயங்காலம் ஓடுது. காலையில சாகுது. நடுவுல ராத்திரி மட்டுந்தான மதினி இருக்கு?" என்றாள்.

எழுந்துபோய் ஒரு காலித் தண்ணீர் பாட்டிலை எடுத்து வந்தாள். டேங்க்கைச் சாய்த்து அதில் வடித்தாள். கொஞ்ச நேரம் கலங்கலாக இருந்தது, அப்புறம் தெளிந்தது. மேலே ஆயில் கலந்த பெட்ரோல், பச்சையாக. அடியில் வெளுத்துப்போய்த் தண்ணீர், ஒரு விரற்கடைக்கும் மேல். ஓடிப்போய், பெட்ரோல் கலந்து வைத்திருந்த கேனிலிருந்து வேறொரு பாட்டிலில் ஊற்றிப் பார்த்தாள். முழுதும் பச்சை. பங்க்கிலும் குற்றமில்லை, அவள் கையிலும் குற்றமில்லை. ராத்திரி மெஷின் இருப்பது வீட்டுக்குள்ளே. கதவைத் தாழ் போட்டால் உள்ளே இருப்பது இரண்டே பேர்.

ஆத்தாடி, எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவன் மட்டும் அப்போது எதிரே நின்றிருந்தால் கத்தரிக்கோலால் குத்தியிருப்பேன். "இவன் வெளங்குவானாடி?" என்று கத்தினேன். அவள் தண்ணீர் கலந்த பாட்டிலை மூடி, சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள்.

கூத்தையா விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தான். கையில் புரோட்டாப் பொட்டலம், சால்னா வாசம் தெருவுக்கே வந்தது. இத்தனை வருஷத்தில் அவன் அவளுக்கென்று ஒன்று வாங்கி வந்து நான் பார்த்ததில்லை. வீட்டுக்குப் போக எழுந்தேன். "இரு மதினி" என்று கையைப் பிடித்து அழுத்தினாள்.

"விடு செவ்வந்தி, சோலார்க்காரன் போனாப் போறான்" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்தான். இவ்வளவு வாஞ்சையாக அவன் பேசியும் நான் கேட்டதில்லை. "அந்த மெஷினு நமக்கு ஆகல. வித்துப்போடுவோம். திங்கக்கிழமை புது மூட்டம் போடுறாக. நீயும் வா. முன்ன மாதிரி ரெண்டு பேருமாப் போவோம்."

அவள் தட்டில் புரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னா ஊற்றினாள். சொம்பில் தண்ணீர் மொண்டு வந்து தன் மடிக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். அவன் இரண்டு வாய் தின்றான். காரம் தலைக்கேறி விக்கியது. "தண்ணி எங்க?" என்று பார்க்காமலே கையை நீட்டினான்.

அந்தக் கைக்கு நேரே பாட்டிலை வைத்தாள்.

"இந்தா, குடி. நீ ஊத்துன தண்ணிதான்."

கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவனை "நீங்க" என்று தவிர அவள் பேசி நான் கேட்டதில்லை. கூத்தையா பாட்டிலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அவளை மட்டும் பார்க்கவில்லை. விக்கல் நிற்கவில்லை. செவ்வந்தி மடிக்குப் பக்கத்தில் இருந்த சொம்பை எடுத்து, அண்ணாந்து, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் தானே குடித்தாள்.