முன்னறிவு தேவையில்லையாம்!

போன செவ்வாய்க்கிழமை ஒரே ஒரு வரி டைப் செய்து, நாற்பது பிள்ளைகளின் ஓவியங்களை அழித்தேன்.

சிங்கப்பூர் தஞ்சோங் பகாரில் வேலை கிடைத்துவிட்டது என்று இதே பத்திரிகைப் பத்தியில் பீற்றிக்கொண்டேனே, நினைவிருக்கிறதா? ‘முன்னறிவு தேவையில்லை’ என்ற கணினி கோர்ஸ் முடித்துக் கிடைத்த அந்த வேலையில்தான். மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவார்கள். அது கடைசி வாரம்...

டியூஷன் சென்டர் ஒன்றுக்கு, பிள்ளைகள் வரைந்ததைச் சேமிக்க நாங்கள் செய்த ஆப். புது வெர்ஷன் போட வேண்டும். ஆப் ஓடும் பெட்டி மாதிரியான பழைய கன்டெய்னரை அழித்தேன், புதியதைக் கிளப்பினேன். ஆப் ஜோராக ஓடியது. படங்கள்தான் இல்லை.

டீம் லீட் சுமதி அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“பிள்ளைங்க படமெல்லாம் எங்க சேவ் ஆச்சு?”

“கன்டெய்னருக்குள்ளதான் அக்கா.”

“அத என்ன பண்ணின?”

“அழிச்சிட்டேன்... கோர்ஸ்ல அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க.”

“ஐயோ! பர்த்டே கொண்டாட கடற்கரை சாலே பங்களாவ வாடகைக்கு எடுப்போம்ல? செக்-அவுட் பண்ணினப்புறம் சுவத்துல ஒட்டின பலூன் இருக்குமா? கன்டெய்னரும் அப்படித்தான் லா. வேணுங்கிறத வெளியே வச்சிருக்கணும். பேசிக் இது!”

பேக்கப்? ‘அடுத்த மாதம் எடுக்கலாம்’ என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. அதைப் பற்றி யாரையும் யாரும் கேட்கவில்லை.

பேசிக்... அது எந்தக் கடையில் கிடைக்கும்? கோர்ஸில் கட்டளைகள் கொடுத்தார்கள். ஒரு ஃபைல் உண்மையில் எங்கே இருக்கிறது, புரோகிராம் போனால் எது மிஞ்சும் — சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை மனப்பாடம். ‘ஏன்’ என்று கேட்டால், தெரியாதவன் என்று தெரிந்துவிடுமே! பக்கத்து சீட் பையன் கூச்சமே இல்லாமல் கேட்பான். அவன் அப்பா எஞ்சினியர்.

புதிதாகக் கற்க வருகிறவர்களே, லினக்ஸ் என்றால் என்ன, நெட்வொர்க் என்றால் என்ன என்று முதலில் கேட்டுவிடுங்கள். அவமானம் வகுப்பறையில் மலிவு.

வெள்ளிக்கிழமை ஹெச்.ஆர். கூப்பிட்டார்கள். “கன்ஃபர்ம் பண்ணல. சாரி.” இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவருக்குப் படிக்கத் தெரியாது — இதை எழுதும் தைரியமே அதனால்தான்.

நேற்று தேக்கா சந்தைப் பக்கம் போனேன். ஒரு பெண் துண்டுத்தாள் நீட்டினாள். அதே கோர்ஸ். அதில் என் படம்! ‘முன்னறிவே இல்லாமல் வேலையில் சேர்ந்தவர்!’

“அண்ணே, இது நீங்கதானே? நெஜமாவே ஒண்ணும் தெரியாம சேர்ந்தீங்களா?”

“நெஜந்தான்மா” என்றேன்.

ஒரு சொல்கூடப் பொய்யில்லை. வெளியே வந்த கதையைப் போடத்தான் தாளில் இடமில்லை போலிருக்கிறது.