சிவராஜ் இடித்த மாடு

ஏழரை லட்சம் ரூபாய். இந்தத் தொகையை மனதில் வையுங்கள். இது தெரியாமல் போனதால்தான் ஷிப்ட் வேன் ஓட்டும் சிவராஜ் இந்தப் பனிக்காலம் முழுக்க, காலை டிரிப் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல், தொரப்பள்ளியைத் தாண்டி ஒரு மாட்டுக் கொட்டகைக்குப் போனார். சீட்டுக்கு அடியில் ஒரு பை புண்ணாக்கு. மாடு அவருடையது அல்ல. அவர் இடித்த மாடு.

கொட்டகைக்குள் நுழைந்ததும் முதலில் மாட்டின் வாயைப் பார்ப்பார். அசை போடுகிறதா? போட்டால் பாதி மூச்சு வரும். அடுத்து சாணி, கட்டியாக இருக்கிறதா, தண்ணீராகவா. அதற்கப்புறம் வலது பக்க வயிற்றில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். உள்ளே கன்று ஒரு உதை உதைக்கும்வரை கை நகராது.

"இன்னா டிரைவரே, ஸ்டேஷன் கெடைச்சுதா?" என்பார் மாட்டுக்காரி முனிலட்சுமி, ரேடியோ திருகுகிற மாதிரி விரலைத் திருகிக் காட்டி.

"சிரிக்காதீங்கக்கா. நேத்து ரெண்டு தரம் ஒதைச்சுது. இன்னிக்கு ஒண்ணையும் காணோம்."

"தூங்குதோ என்னவோ. உனக்காக எழுப்பி வுடட்டா?"

சிவராஜுக்கு வயது நாற்பத்தொன்று. சொந்த ஊர் பர்கூர் பக்கம். அப்பா கிரானைட் குவாரியில் கல் பிளந்தவர். மகன் கல்லுக்குப் பயந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். கிராமம் கிராமமாகப் போய்ப் பெண் தொழிலாளிகளை ஏற்றி சிப்காட் கம்பெனி வாசலில் இறக்குவார். இரவு ஷிப்ட் முடித்தவர்களைத் திரும்பக் கொண்டுபோய் விடுவார். ஆள் எண்ண மாட்டார். கண்ணாடியில் முகங்களைப் பார்த்து, "வெள்ளையம்மா பொண்ணு ஏறலியே" என்று நிறுத்திவிடுவார். தமிழ்நாட்டுப் போலீஸிடம் தமிழில் சார் போடுவார், எல்லை தாண்டினால் கன்னடத்தில் சுவாமி என்பார், டீக்கடையில் தெலுங்கில் கடன் சொல்வார். மூன்று மொழியிலும் ஒரே பயம்தான்.

முன்பு இவர் இப்படி இல்லை. பாட்டைச் சத்தமாக வைத்து, ஒரு கையால் ஓட்டியவர். இப்போது பாட்டு இல்லை. வெயில் வந்த பிறகும் ஹெட்லைட் எரியும். தூரத்தில் ஒரு ஆடு தெரிந்தால் வண்டியே நின்றுவிடும்.

"அண்ணா, அது போஸ்டர்ல இருக்குற ஆடு. கறிக்கடை போஸ்டர்," என்று பின் சீட்டிலிருந்து மாதேஸ்வரி குரல் கொடுப்பார். கம்பெனியில் சாமான் சோதிக்கும் பிரிவில் வேலை. வாய் சும்மா இருக்காது. "எறங்கி நடந்தா நாங்க முன்னாடி போயி பஞ்ச் போட்டுருவோம். நீ பொறுமையா வாண்ணா."

வேன் முழுக்கச் சிரிக்கும். சிவராஜ் சிரிக்க மாட்டார். இடது கை சட்டைப்பையைத் தொடும். அங்கே லைசென்ஸ் இல்லை. அது முனிலட்சுமியின் அரிசி டப்பாவில் இருக்கிறது.

அது அங்கே போன கதை இதுதான். ஜனவரி மாதம், விடிகிற நேரம். ஏரிக்கரை ரோட்டில் பனி சுவர் மாதிரி நின்றது. வேனில் யாரும் இன்னும் ஏறவில்லை. முனிலட்சுமி தன் மாட்டை எதிர்ப்பக்கக் கொல்லைக்குக் கொண்டுபோனார். அந்தப் பக்கத்தில் மாட்டைக் கயிற்றோடு இழுத்துக்கொண்டு யாரும் ரோட்டைக் கடப்பதில்லை. லாரி ஹாரன் கேட்டு மாடு மிரண்டால் கயிறு பிடித்தவரையும் சேர்த்துச் சக்கரத்துக்கடியில் இழுத்துவிடும். அதனால் கயிற்றை முதுகில் போட்டு மாட்டை முன்னே அனுப்புவார்கள். அது தானாகக் கடந்து நிற்கும். பின்னாலேயே போய்க் கயிற்றை எடுத்துக்கொள்வார்கள். இதற்கு 'விட்டுப் பிடிக்கிறது' என்று பெயர். அன்றைக்கு முனிலட்சுமி விட்டார். பிடிப்பதற்குள் வேன் வந்துவிட்டது.

மாடு விழுந்தது. எழுந்தது. மறுபடி விழுந்தது. சீமை மாடு, நாலாவது ஈத்து, நிறை செனை. இடது பின்தொடை கிழிந்து, மடியின் இடது பக்கம் நசுங்கியிருந்தது. முனிலட்சுமி ரோட்டிலேயே உட்கார்ந்து மாட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு தெலுங்கில் அதனிடம் என்னென்னவோ சொன்னார். சிவராஜ் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கலாம். பனியில் நம்பர் கூடத் தெரியாது. ஓடவில்லை. இறங்கி வந்து தன் துண்டால் தொடையை அமுக்கிப் பிடித்தார். இதை எழுதியே ஆக வேண்டும்.

கூட்டம் சேர்ந்தது. பழைய கவுன்சிலர் சென்னப்பன் சால்வையோடு வந்தார். "போலீஸா, பேசிக்கலாமா?" என்று கேட்டார். இரண்டு பேருமே ஒரே வேகத்தில் "பேசிக்கலாம்" என்றார்கள். சிவராஜுக்கு டிராவல்ஸ் முதலாளி ராஜ்குமார் பயம். கேஸ் என்று வந்தால் மறுநாள் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான் என்பது ராஜ்குமாரின் சட்டம். முனிலட்சுமிக்குக் கயிறு பயம். கயிறு கையில் இல்லை என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

"தப்பு யாரு மேல?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"பனி மேல," என்றார் சென்னப்பன். "அது மேல கேஸ் போடறியா?"

பேச்சு முடிந்தது இப்படி. மருந்துச் செலவு சிவராஜுடையது. மாடு செத்தாலோ, கன்று செத்தாலோ, மாட்டு விலை எழுபத்தைந்தாயிரம் அவர் தர வேண்டும். இரண்டும் பிழைத்தால், சீம்பால் தெளிந்து பால் சங்கத்தில் முதன்முதலாக ஊற்றுகிற காலையில் அளவு பார்க்க வேண்டும். போன ஈத்தில் ஒரு வேளைக்கு ஒன்பது லிட்டர் கொடுத்த மாடு. ஒன்றிரண்டு குறைந்தால் பரவாயில்லை. ஏழுக்குக் கீழே போனால் அப்போதும் மாட்டு விலைதான். அதுவரை லைசென்ஸ் முனிலட்சுமியிடம். மாதம் பதினேழாயிரம் சம்பளக்காரர், வீட்டில் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், தலையை ஆட்டிவிட்டு லைசென்ஸை எடுத்து நீட்டினார். ஒரு டிரைவர் தன் பிழைப்பையே அடகு வைத்தார். அதை நியாயம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டு கலைந்தார்கள்.

பம்பர் நெளிந்ததற்குக் காரணம் கல் என்று சிவராஜ் ராஜ்குமாரிடம் சொன்னார். பம்பர் செலவைச் சம்பளத்தில் பிடித்தார்கள். மாட்டு டாக்டரம்மாவிடம் இருவரும் சேர்ந்தே பொய் சொன்னார்கள்.

"பள்ளத்துல விழுந்துடுச்சுங்க மேடம்," என்றார் முனிலட்சுமி.

டாக்டரம்மா தொடையில் தையல் போட்டுக்கொண்டே கேட்டார்: "பள்ளத்துக்கு வெள்ளை பெயிண்ட் அடிச்சு வெச்சிருந்தாங்களா? முடியிலெல்லாம் ஒட்டியிருக்கு."

டாக்டரம்மாவே தொடர்ந்தார்: "வண்டின்னா சொல்லுங்க, அப்படியே எழுதித் தர்றேன். உங்களுக்குத்தான் நல்லது." இருவரும் பள்ளத்தை விடவில்லை. டாக்டரம்மா பள்ளம் என்றே எழுதிவிட்டு, "கன்னு தப்பிச்சுக்கும். மடி எப்படின்னு கறந்து பார்த்தாத்தான் தெரியும்," என்று சொல்லிப் போனார்.

ஏழரை லட்சத்தை வேனுக்குள் கொண்டுவந்தவர் மாதேஸ்வரி. மெதுவாகப் போவதற்கான காரணத்தை ஒரு நாள் சிவராஜ் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். கேட்டதும் அந்தப் பெண் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏண்ணா, வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்குதில்ல? தேர்ட் பார்ட்டி. அதுல ஆளுக்கு மட்டும்னு நெனச்சியா? அடுத்தவங்க பொருளுக்கும் உண்டு. ஏழரை லட்சம் வரைக்கும். மாடும் பொருளுதான். எங்க மாமா எருமைக்குக் கிருஷ்ணகிரி கோர்ட்டுல போட்டு வாங்கினாரு."

"ஏழரைன்னா எனக்குச் சனி ஒண்ணுதான்மா தெரியும்."

"அதான் வண்டியில ஏத்திக்கினு சுத்தறே."

அன்று சிவராஜ் கொட்டகைக்குப் போன வேகத்தில் ஒரு ஆட்டுக்கும் நிற்கவில்லை. "அக்கா, ஸ்டேஷனுக்குப் போலாம். இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன் கட்டுவானாம். உங்களுக்கும் முழுசா கெடைக்கும், எனக்கும் லைசென்ஸ் வரும்."

முனிலட்சுமி தவிட்டைக் கலக்கிக்கொண்டிருந்தார். கை நின்றது. "கயிறு யாரு கையில இருந்துச்சுன்னு கேப்பாங்களே தம்பி." அதுவரை 'டிரைவரே' என்றுதான் அழைத்தவர். தம்பி என்றது அன்றுதான்.

"விட்டுப் பிடிச்சோம்னு சொல்லுங்க."

"விட்டதை எழுதிக்குவாங்க. பிடிச்சதை எவன் எழுதுவான்?"

அவர் கேட்டதில் தப்பில்லை. ரோட்டில் மாட்டை அவிழ்த்துவிட்டால் தப்பில் மாட்டுக்காரருக்கும் பங்கு வரும், பணம் அந்த அளவுக்குக் குறையும். குறையும் என்பதுதான் விஷயம், இல்லாமலே போய்விடும் என்பதல்ல. ஆனால் அதைச் சொல்ல அங்கே ஆள் இல்லை. விபத்து நடந்து வாரங்கள் ஓடிவிட்டன. டாக்டர் எழுதிய சீட்டில் பள்ளம் இருந்தது. பனி விலகிவிட்டது. பனிதான் ஒரே சாட்சி. முனிலட்சுமி மறுபடி தவிட்டைக் கலக்க ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு பயம் ரோட்டிலிருந்து ஏறி சிவராஜின் வயிற்றுக்கு வந்தது. எல்லையை ஒட்டிய ஜூஜுவாடி பக்கம் டிரிப் என்றால் காலையிலேயே வயிற்றுப்போக்கு என்று போன் போடுவார். எல்லையில் எப்போதும் யாராவது கை காட்டி நிறுத்துவார்கள். செல்லில் லைசென்ஸ் எடுத்துக்கொள்ளலாமே என்று மாதேஸ்வரி சொல்லிப் பார்த்தார். ஓ.டி.பி. வர வேண்டிய, லைசென்ஸில் பதிந்திருந்த நம்பரின் சிம் எப்போதோ தொலைந்துபோனது. சட்டைப்பையில் ஒரு கலர் ஜெராக்ஸ் வைத்திருந்தார். வேர்வையில் அதில் இருந்த அவர் முகம் பச்சையாகிவிட்டது.

"அண்ணா, இது நீயா, நாலு நாள் தண்ணியில கெடந்தவனா?"

"ரெண்டும் ஒண்ணுதான் போம்மா."

மார்ச்சில் மாடு கன்று போட்டது. கிடாரிக் கன்று. முனிலட்சுமி போன் செய்தபோது சிவராஜ் கம்பெனி வாசலில் இருந்தார். "நஞ்சுக்கொடி விழுந்துச்சா? நின்னு பால் குடிக்குதா? அக்கா, நின்னுச்சா?" என்று கத்தியதில் செக்யூரிட்டி திரும்பிப் பார்த்தார். கன்று நின்றது. சிவராஜ் வேனைச் சுற்றிவந்து நான்கு சக்கரத்தையும் தொட்டுக் கும்பிட்டார். மிச்சம் இருந்தது மடி மட்டும்தான்.

சீம்பால் தெளிந்து சங்கத்துக்குப் பால் ஊற்றுகிற நாள் வந்தது. முனிலட்சுமியிடம் கறவை அது ஒன்றுதான். இரவு ஷிப்ட் முடித்த பெண்களோடு வேன் கொட்டகை வாசலில் நின்றது. வீட்டுக்குப் போகத் துடிக்கிறவர்கள், அன்று யாரும் வாட்சைப் பார்க்கவில்லை.

"ஒம்போது வந்தா எங்களுக்குப் பிரியாணி," என்றார் மாதேஸ்வரி.

"ஏழு வரட்டும்மா. ஏழு போதும்."

கன்றைப் பிடித்துக்கொள்வது சிவராஜின் வேலையாயிற்று. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். முனிலட்சுமி கறப்பது அவர் முதுகுக்குப் பின்னால் கேட்டது. முதலில் வாளியின் அடியில் தாரை விழும் சத்தம், பிறகு பாலின்மேல் பால் விழும் சத்தம். அது நெடுநேரம் கேட்டது. நடுவில் நின்றது. முனிலட்சுமி இடம் மாறி உட்காருவது தெரிந்தது. "வாம்மா, வா தல்லி," என்று அவர் மாட்டைக் கெஞ்சுவது கேட்டது. மறுபடி சத்தம் வந்ததா, வரவில்லையா? கன்று முட்டி முட்டி இழுத்ததில் சிவராஜுக்குச் சரியாகக் கேட்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை.

சங்கம் நாலு வீடு தள்ளி. முனிலட்சுமி முன்னால் நடந்தார், முகத்தைக் காட்டாமல். பெண்கள் பின்னால் வந்தார்கள். சங்கத்துக்காரர் தராசில் ஏனத்தை வைத்து, ஊற்றச் சொன்னார்.

முனிலட்சுமி ஊற்றினார். வாளியை எடுக்கப் போனவரின் கையிலிருந்து சிவராஜ் அதை வாங்கினார். அதை ஏனத்துக்கு மேலே தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்தார். அடிப்பாகத்தை உள்ளங்கையால் தட்டினார். ஒரு சொட்டு விழுந்தது. இன்னொரு தரம் தட்டினார். நுரை மெல்ல இறங்கி விளிம்பில் நின்றது. அதையும் விரலால் வழித்து உள்ளே விட்டார்.

சங்கத்துக்காரர் தராசைப் பார்த்துச் சத்தமாகப் படித்தார்.

"நாலு லிட்டர் எழுநூறு."