மாப்பிள்ளை வீட்டு பியரைத் துப்பியவன்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு ஹாலில் நான் ஒரு காரியம் செய்தேன். மகளைப் பெண் கேட்டு வந்தவர் கண்ணெதிரே, அவர் கொண்டுவந்த பியரைத் துப்பினேன்.

பதறாதீர்கள்... வரிசையாகச் சொல்கிறேன்.

வந்தவர் ஸ்டீபன். இலங்கை மலையகத்து அட்டன்காரர்தான், குடும்பத்தோடு பெல்ஜியத்தில் குடியேறி இருபது வருடத்துக்கு மேலாகிறது. அவர் மகன் ஜெரோமுக்கு என் மகள் நிரோஷாவைப் பேசி முடிக்கத் தலவாக்கலைக்கு வந்திருந்தார். பிள்ளைகள் இருவரும் ஏற்கெனவே ஃபோனில் பேசி முடிவெடுத்துவிட்டார்கள். பெரியவர்கள் தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி.

மூன்று பெல்ஜியம் பியர் போத்தல்களை மேசையில் வைத்தார் ஸ்டீபன்.

"ருசி பாக்குறதுதானே ஒங்க தொழிலு. எது ஒசத்தின்னு நீங்களே சொல்லுங்க."

விடுவேனா? முப்பது வருடம் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்தவன் நான். முதலாவது பொன்னிறம், நல்ல நுரை, லேசான கசப்பு. பாஸ். இரண்டாவது மடாலயத்துத் துறவிகள் காய்ச்சுகிற கறுப்பு பியராம். கித்துள் பாணி என்கிற பனைப்பாகில் கனிந்த வாழைப்பழத்தைப் பிசைந்த மாதிரி இருந்தது.

"இதுதாங்க ராஜா" என்றேன்.

மூன்றாவது செர்ரிப் பழச் சிவப்பு. தேநீரைப் போலவே 'சர்ர்' என்று உறிஞ்சினேன். ஒரே புளிப்பு. தொழிற்சாலையில் புளிப்பு தட்டினால் என்ன அர்த்தம்? கொழுந்து பக்குவம் தாண்டிவிட்டது, மொத்தத் தூளும் வீண். ருசி பார்த்ததை அங்கே விழுங்கவும் மாட்டோம். பக்கத்துத் தொட்டியில் துப்பிவிடுவோம். பழக்கதோஷம்... இங்கே பக்கத்தில் இருந்தது மனைவியின் அந்தூரியப் பூச்சாடி.

"கெட்டுப்போச்சுங்க. புளிச்சிருச்சு" என்று தீர்ப்பும் சொன்னேன்.

ஸ்டீபனின் முகம் சுருங்கியது. "கெடலீங்க. அது அப்படித்தான் இருக்கும். நம்ம ஜெரோம் வேலை செய்யிற எடத்துல செஞ்சது. மரப் பீப்பாயில வருஷக்கணக்கா வச்சு எடுத்தது."

மாப்பிள்ளையின் உழைப்பை அந்தூரியத்துக்கு ஊற்றியிருக்கிறேன். மனைவி பார்த்த பார்வை இருக்கிறதே... கதவோரம் நின்ற நிரோஷாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சம்பந்தம் போச்சு என்றே நினைத்தேன்.

பரிகாரமாக இன்னொரு மடக்கு விழுங்கினேன். பல் கூசியது. மூன்றாவது மடக்கில், வறுத்த காரக் கடலையோடு சேர்ந்தபோது — நாக்கு ஊறி, இன்னும் கொஞ்சம் கேட்டது. பழகாத ருசியை நாம் முதலில் கோளாறு என்றுதானே சொல்கிறோம்?

"நல்லாத்தாங்க இருக்கு" என்றேன். யார் நம்புவார்கள்?

ஸ்டீபன் மகனுக்கு வீடியோ கால் போட்டார். "மாமா ஒன் பியரைத் துப்பிட்டாருடா."

ஜெரோம் விழுந்து விழுந்து சிரித்தான். "அப்பா, நீங்க நாலு வருஷமா 'ரொம்ப நல்லாருக்குடா'ன்னு சொல்லிட்டு, கிச்சன் சிங்க்ல ஊத்துறீங்க. எனக்குத் தெரியாதா? மாமாதான் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்காரு. தேதியக் குறிங்க."

அப்பாடா... போன உயிர் திரும்பி வந்தது. நிரோஷா சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மிச்சமிருந்த புளிப்பு பியரை இரண்டு கிளாஸில் சமமாக ஊற்றி, ஒன்றைச் சம்பந்தி பக்கம் தள்ளினேன். மனிதர் வேறு வழியில்லாமல் விழுங்கினார் — எங்கள் வீட்டு சிங்க் பின்பக்கம், ரொம்பத் தூரம்.