இடது கன்னத்து மஞ்சள்

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்கள் செங்கத்துக்குப் போய் இளவழகனையே கேட்டுக்கொள்ளுங்கள். கதை கட்டுகிற ஆள் இல்லை அவன். இருபது வருஷமாகக் கல்யாண வீடுகளில் போட்டோ எடுக்கிறவனுக்கு அதற்கு நேரமும் கிடையாது. போன ஐப்பசியில், ஜவ்வாது மலை மேலே, பட்டப்பகலில் அவனுக்கு நடந்தது இது.

ஜமுனாமரத்தூர் தாண்டி ஒரு கிராமம். ராணியம்மாள் தன் மகள் பூங்கோதையைப் படம் எடுக்கக் கூப்பிட்டிருந்தாள். மாப்பிள்ளை வீட்டாருக்கு அன்று சாயங்காலத்துக்குள் போட்டோ போக வேண்டும். தோட்டத்தில் வைத்து எடுத்துவிடலாம் என்றுதான் இளவழகன் வண்டியில் ஏறினான். மேலே போனதும் மழை பிடித்துக்கொண்டது. வந்த வழியில் ஓடை பொங்கிவிட்டது என்றார்கள். படம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், வெள்ளம் வடியும்வரை அவன் அங்கேதான்.

வீட்டில் ஒரே ஓர் அறைதான் காலியாக இருந்தது. நாலு சுவரும் பச்சை பெயிண்ட். ஒரு ஜன்னல், ஒரு குண்டு பல்பு. இந்த மாதிரி அறை போட்டோக்காரனுக்கு எமன். சுவரின் பச்சை ஒரு கன்னத்தில் ஏறும், பல்பின் மஞ்சள் மறு கன்னத்தில் ஏறும். பெண்ணுக்குக் காமாலை வந்ததுபோல் படம் இருந்தால் யார் சம்மதிப்பார்கள்? இளவழகன் பல்பை அணைத்தான். வலது பக்கச் சுவரை மறைத்து ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டினான். ஜன்னல் வெளிச்சத்துக்கு ஏற்றபடி நிறம் பிசகாமல் வருவதற்காகக் கேமராவில் ஒயிட் பேலன்ஸைச் சரிசெய்துகொண்டான்.

மணி 4:12. முதல் படம். வலது கன்னம் அச்சு அசலாக அவள் நிறத்திலேயே வந்திருந்தது.

இடது கன்னத்தில் மஞ்சள்.

பல்பைப் பார்த்தான். அணைந்துதான் இருந்தது.

4:15. இன்னொரு படம். மஞ்சள் இப்போது கழுத்துவரை இறங்கியிருந்தது. நிறம் சும்மா வராது. அந்த நிறத்தில் ஏதோ ஒன்று பக்கத்தில் இருந்தால்தான் முகத்தில் அடிக்கும். அறையில் மஞ்சளாக ஒரு துணிகூட இல்லை. பூங்கோதை கட்டியிருந்தது நீலச் சேலை.

கல்யாண மேடையில் கூட்டம் முண்டியடிக்கும்போது இளவழகன் யார் பெயரையும் கேட்பதில்லை. சிவப்புச் சேலை உள்ளே வாங்க, கட்டம் போட்ட சட்டை தள்ளுங்க என்று நிறத்தை வைத்தே விரட்டுவான். அந்தப் பழக்கம். கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே வாய் சொல்லிவிட்டது.

"மஞ்ச சேலை... அங்க நிக்காதீங்க. இப்டி என் பக்கம் வந்துருங்க."

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. அசடு வழியச் சிரித்தான். பூங்கோதை சிரிக்கவில்லை. மெல்லத் திரும்பித் தன் இடது பக்கத்தைப் பார்த்தாள்.

4:19. க்ளிக். கன்னம் சுத்தமாக இருந்தது.

டீ கொண்டு வருவதாகச் சொல்லி அவள் வேகமாக வெளியே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

இளவழகன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். நல்ல படம். நிம்மதியாக இருந்தது. கேமராவைப் பையில் வைக்கக் குனிந்தான். அவன் போட்டிருந்தது வெள்ளைச் சட்டை.

இடது கை மஞ்சளாக இருந்தது.

கையை ஜன்னல் பக்கம் நகர்த்தினான். மஞ்சள் கூடவே வந்தது. இரண்டடி பின்னால் போனான்.

சரக்...

புதுச் சேலை உரசுகிற சத்தம். காதோரத்தில்.

கதவை நோக்கி ஓடினான். இழுத்தான். அசையவில்லை. உள்ளே தாழ்ப்பாளே கிடையாது. ராணியம்மாளைக் கூப்பிட்டான். தகரக் கூரையில் கொட்டிய மழையில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

தோள்வரை மஞ்சள்.

சரக்... சரக்...

காலர் மஞ்சள்.

கண்ணை இறுக மூடிக்கொண்டான். அழுதுவிட்டான்.

4:31. ராணியம்மாள் டீ டம்ளரோடு வந்து ஒரே விரலால் கதவைத் தள்ளினாள். திறந்துகொண்டது. சும்மாதான் சாத்தியிருந்தது என்றாள். சட்டை வெள்ளையாகவே இருந்தது. அவன் டீயைத் தொடவில்லை. ஓடை வடிந்ததும் கிளம்பி, ஜமுனாமரத்தூரில் சிக்னல் கிடைத்த இடத்தில் படத்தை அனுப்பினான்.

மறுநாள் காலை 9:40க்குப் போன் வந்தது. மாப்பிள்ளை வீட்டில் சம்மதித்துவிட்டார்கள் என்று ராணியம்மாள் சந்தோஷமாகச் சொன்னாள். பிறகு பூங்கோதை போனை வாங்கினாள்.

"ண்ணா, நேத்து என் பக்கத்துல யாரைப் பாத்தீங்க?"

யாரையும் பார்க்கவில்லை, பழக்கதோஷத்தில் வாயில் வந்துவிட்டது என்றான்.

அவள் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள். அவளுடைய அக்கா ரஞ்சிதம் நாலு வருஷத்துக்கு முன்னால் அந்த அறையில்தான் இறந்துபோனாள். கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருந்தது. மஞ்சள் சேலை கட்டியிருந்தாள்.

"அன்னிலேர்ந்து என் பக்கத்துலயேதான் இருந்தா. வூட்டுல யாரும் அவளைக் கூப்டவே மாட்டோம். கூப்ட்டா அவங்ககூடவே போய்டுவான்னு பயம்."

இளவழகன் மெல்லத் திரும்பித் தன் இடது பக்கத்தைப் பார்த்தான்.

"நேத்துலேர்ந்து அவ இங்க இல்லண்ணா."